மயில்கழுத்து நிறத்தின் சாவிச்சொல்

அந்த மெஷின் 'தப்பு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரியான சொல்லைப் போட்டாலும் ஓடும், தவறான சொல்லைப் போட்டாலும் அதே வேகத்தில் ஓடும். சரியான சொல்லுக்கு விஷயம் வரும், தவறான சொல்லுக்குக் குப்பை வரும். எது குப்பை என்று பார்க்கிறவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் போன்ற அவசரக்காரியை எரிச்சல்படுத்தவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த பொருள் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் கிளேஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பீங்கான் டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. கிளேஸ் என்றால் ஜாடிக்கு மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கிறதே, அந்தப் பூச்சு. எந்தப் பொடியை எந்த அளவில் கலந்தால் என்ன நிறம் வரும் என்று சின்ன வில்லைகளில் தடவிச் சுட்டுப் பார்ப்பேன். சூளைக்குள் போகும் முன் எல்லாக் கலவையும் சாம்பலாகவோ அழுக்கு வெள்ளையாகவோதான் இருக்கும். சுட்ட பிறகுதான் நிறம் தெரியும். சூளை எரிந்து, ஆறி, கதவுச் செங்கலைப் பிரிக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டேன். சூளைச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். "முட்டை அடைகாக்கிற கோழி கூட இவ்ளோ தபா வந்து பாக்காது" என்று மேஸ்திரி கிண்டல் செய்வார்.

எங்கள் முதலாளிக்குச் சந்தேகம் என்பது ஒரு வியாதி. எங்கள் தேன்நிற ஊறுகாய் ஜாடி மாதிரியே பக்கத்து ஷெட்டில் ஒரு ஜாடி வந்துவிட்டது. தேன்நிறம் என்ன, இரும்புத் துருவைக் கலந்தால் யாருக்கும் வரும். அவர் கேட்கவில்லை. கிளேஸ் சூத்திரம் எழுதிய காகிதம் வெளியே போயிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். அன்றிலிருந்து காகிதமே கூடாது. சோதனை எழுதிய தாள்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கண்முன்னே நான் சூளை அடுப்பில் போட வேண்டும்.

காகிதத்துக்குப் பதிலாகத்தான் அந்த மெஷின் வந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அவர் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த கையடக்கக் கம்ப்யூட்டர். அப்போதே அதற்கு இருபது வயது இருக்கும். பெரிய நோட்டுப் புத்தகத்தின் அளவு, ஒரு செங்கல்லின் எடை. மேல்பாதியில் எட்டு வரி மட்டும் காட்டும் சாம்பல் நிறத் திரை, கீழ்பாதியில் விசைகள். சின்ன டார்ச் பேட்டரி நான்கு போட்டால் உயிர் வரும். ஊரில் பிரவுசிங் சென்டர்களே வந்துவிட்ட காலத்தில் இதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். முதலாளி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ படிச்ச பொண்ணு. இதுக்குள்ள போட்டுப் பூட்டிடு. எவன் பாத்தாலும் புரியக் கூடாது."

மெஷினோடு வந்த தடித்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சில புரோகிராம்கள் அச்சாகியிருந்தன. அதில் ஒன்று எழுத்தைப் பூட்டுவது. இரண்டு பகல் உட்கார்ந்து வரி வரியாக அடித்து ஏற்றினேன். ஒரு வரியில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஓடாது. நான்காம் தடவை ஓடியது. அது வேலை செய்யும் விதம் எளிது. முதலில் ஒரு சாவிச்சொல் கேட்கும். கொடுத்ததும், அந்தச் சொல்லில் உள்ள எழுத்துகளின் கணக்குப்படி நாம் எழுதியிருப்பதில் ஒவ்வோர் எழுத்தையும் சில இடம் தள்ளிவிடும். படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதே சாவிச்சொல்லைத் திரும்பக் கொடுத்தால் தள்ளியதையெல்லாம் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். சாவிச்சொல்லை மட்டும் மெஷின் எங்கேயும் எழுதி வைத்துக்கொள்ளாது. ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்று அது நகர்வதற்குள் எனக்கு டீ குடித்துவிட்டு வரலாம் போல இருக்கும்.

சாவிச்சொல் என்ன வைப்பது என்பதில் முதலாளி ஒரு யோசனை சொன்னார். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

"அந்த லோடுக்கு யாரு சூளை பத்த வக்கிறாங்களோ அவங்க பேரு. மறக்கவே மறக்காது. நோட்டுல வேற இருக்குது."

பேட்டையில் சூளையை யார் வேண்டுமானாலும் பற்றவைத்துவிட முடியாது. கைராசி வேண்டும். ஒருதரம் சூளையில் அடுக்கும் சரக்குதான் லோடு. அது முழுவதும் வெடிக்காமல் கோணாமல் வந்தால், பற்றவைத்தவர் கைக்கு ராசி. எங்கள் கம்பெனியில் பெரும்பாலும் மேஸ்திரியின் கைதான். ஆயுத பூஜைக்கு முதலாளி, பௌர்ணமி வந்தால் அவர் மனைவி. யார் பற்றவைத்தார் என்று சூளை நோட்டில் தேதியோடு எழுதுவோம். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை வாசலில் மாட்டி வைக்கிற வேலை இது என்று சொல்லிப் பார்த்தேன். "வெளியாளுக்குத் தெரியாதில்ல?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பெயர்களை மட்டும் வருகைப் பதிவேட்டில் நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறபடியே போட வேண்டும் என்று ஏற்பாடு.

இனி, கம்பெனியில் நான் அக்கா என்று கூப்பிட்டவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாடிகளைக் கிளேஸில் முக்கி எடுப்பது அவள் வேலை. ஒரு முக்கு, ஒரு சுழற்று, ஒரு சொட்டு வழியாமல் வெளியே வரும். அவள் முக்கியதில் மட்டும்தான் என் நிறங்கள் நான் நினைத்தபடி வந்தன. முப்பத்தைந்து முப்பத்தாறு வயது. புருஷன் லாரியில் அடிபட்டுப் போய் ஆறு வருடம். ஒரு மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இங்கே வருவதற்கு முன் அக்கா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். வந்த புதிதில் அவள் விரல்கள் கரிக்கட்டையாக இருந்தனவாம். கிளேஸ் தண்ணீரில் ஊறி ஊறி, நான் பார்த்தபோது வெளுத்துச் சுத்தமாக இருந்தன. "எம் பொண்ணு இப்பதான் எங் கையால சோறு வாங்கித் திங்கிறா" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கம்பெனியில் கேட்காமலே எல்லோரும் கடைப்பிடித்த ஒரு வழக்கம் இருந்தது. சூளை பற்றவைக்கும்போது கற்பூரத் தட்டு வந்தால் அக்கா தானாகவே எழுந்து மண் பிசையும் கொட்டகைப் பக்கம் போய்விடுவாள். யாரும் போ என்று சொன்னதில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மழைக்காலத்துக்கு முன் நான் ஒரு நிறத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். மயில்கழுத்து. பட்டுப் புடவையில் இருக்கிறதே, ஒரு பக்கம் நீலமும் திரும்பினால் பச்சையும், அது ஜாடியில் வர வேண்டும். முப்பத்தொரு கலவை சோதித்தேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு சிட்டிகைதான் வித்தியாசம். அதில் ஒன்று வில்லையில் வந்தது. லோடு முழுக்க வருமா என்று பார்க்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை சூளையை அடுக்கி மூடினோம். முதலாளி ஜாடி மாதிரிகளை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போனார். போகும்போது மெஷின் இருந்த ஆபீஸ் அலமாரியின் சாவியை என்னிடம் கொடுத்தார். நாளைக்கு லோடு பற்றவைத்ததும் சூத்திரத்தை மெஷினில் பூட்டி, தாளை எரித்துவிட வேண்டும் என்றார்.

மேஸ்திரி அன்று மாலையே வேப்பூருக்குப் போனார். மச்சினியின் மகளுக்குக் காதுகுத்து. கூடவே சூளை ஆட்கள் இரண்டு பேரும் போனார்கள். "காலையில மொத பஸ்ஸுல வந்துடுவோம் பாப்பா, நீ கவலயே படாத."

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு முதலாளியின் போன்.

"பத்தரைக்கு ராவுகாலம் வந்துடும். அதுக்குள்ள பத்த வச்சிடணும். மேஸ்திரி வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்க சார்" என்றேன். மேஸ்திரி வரவில்லை. எப்படியும் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. வேப்பூர் ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டுக்கும் சூளைக்கும் நடந்தேன். பத்து மணி. பத்தேகால். மற்ற பெண்கள் பின்பக்கம் மண் சலித்துக்கொண்டிருந்தார்கள். சூளைக் கொட்டகையில் நானும் அக்காவும் மட்டும்தான். இன்றைக்கு விட்டால் அடுத்து நல்ல நாள் செவ்வாயோ புதனோ என்று இழுப்பார்கள். ஐந்து நாள் என் மயில்கழுத்து அந்த இருட்டில் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். என்னால் முடியாது.

"அக்கா, நீங்க பத்த வைங்க."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். "கிறுக்கு புடிச்சிருக்குதா ஒனக்கு? நானா?"

"யாருக்குத் தெரியப் போவுது?"

"ஏன், நீ வையேன். படிச்சவ, ஒனக்கு என்னா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். "நான் இன்னிக்குத் தூரம்க்கா" என்றேன். அது உண்மைதான், மாதவிலக்கு.

அக்கா என்னையே பார்த்தாள். "ஓஹோ. அப்ப ஒனக்கும் பயம் இருக்குது."

கைராசியை நம்பாதவள், கற்பூரத் தட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறவள், என் கையை மட்டும் நெருப்புக்கு அருகே கொண்டுபோகவில்லை. அந்த வெட்கத்தை மறைக்க இன்னும் வேகமாகப் பேசினேன். நேரம் ஆகிறது, மேஸ்திரி பெயரையே நோட்டில் எழுதிவிடுகிறேன், எல்லாம் என் பொறுப்பு என்றேன். அவள் கை இரண்டையும் முந்தானையில் துடைத்தாள். உடைந்த ஓட்டில் கற்பூரம் வைத்து ஏற்றினாள். கம்பி நுனியில் சுற்றியிருந்த துணியை மண்ணெண்ணெயில் முக்கி, அந்தக் கற்பூரத்தில் காட்டி, பர்னருக்கு முன்னால் பிடித்தாள். நான் எண்ணெய்க் குழாயைத் திறந்தேன். மேஸ்திரிக்கு மூன்று நான்கு தடவை அணைந்து அணைந்துதான் பிடிக்கும். அக்காவுக்கு ஒரே தடவையில் பிடித்தது. கம்பியைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அந்தச் சுவாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேஸ்திரி பதினொன்றரைக்கு வந்தார். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். சூளை எரிவதைப் பார்த்து, "நீயா பத்த வச்ச?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "நல்லதாப் போச்சு, எம் பேரையே எழுதிடு. மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாரு." ஏற்கெனவே எழுதியிருந்தேன்.

மத்தியானம் ஆபீஸில் தனியாக உட்கார்ந்து மெஷினைத் திறந்தேன். சூத்திரத்தை அடித்தேன். எண்களை அந்தப் புரோகிராம் பூட்டாது, அப்படியே விட்டுவிடும். அதனால் எண்களையும் எழுத்தால் எழுதுவேன். சாவிச்சொல் கேட்டது. மேஸ்திரி பெயரின் முதல் எழுத்தை அடித்தேன். நிறுத்தினேன். நோட்டில் பொய் எழுதியாயிற்று, போனில் பொய் சொல்லியாயிற்று. ஓர் இடத்திலாவது நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று ஒரு வீம்பு வந்தது. அடித்த எழுத்தை அழித்துவிட்டு அக்காவின் பெயரை அடித்தேன். எப்படியும் இதைத் திறக்கப் போவது நான்தானே என்று நினைத்தேன். தாளை எரித்தேன். அக்காவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை சூளையைப் பிரித்தோம். ஒரு ஜாடி கூட வெடிக்கவில்லை. வெளிச்சத்தில் வைத்துத் திருப்பினால் நீலத்திலிருந்து பச்சைக்கு ஓடியது. மேஸ்திரியின் கையை முதலாளி பிடித்துக் குலுக்கினார். மேஸ்திரி கூச்சமில்லாமல் குலுக்கிக்கொண்டார். அக்கா தூரத்திலிருந்து என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அடுத்த லோடில் பாதி வெடித்தது. அதற்கடுத்த லோடில் முக்கால்வாசி. ஜாடிக்குள் ஈரம் காயாமல் சூளைக்குப் போனால் வெடிக்கத்தான் செய்யும், முதல் வருடப் பாடம் அது. தொண்டை வறளச் சொன்னேன். முதலாளி உடைந்த ஓடுகளைக் காலால் தள்ளிக்கொண்டே, "எவளோ ஆவாதவ கை பட்டிருக்குது. கண்டுபுடிக்கிறேன், அன்னிக்கே கணக்குத் தீத்து அனுப்பிடறேன்" என்றார். அன்று மாலையே மெஷினையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்படித் திறப்பது என்று என்னிடம் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மயில்கழுத்து ஜாடிக்கு மறுபடி ஆர்டர் வந்தால் அவர் நோட்டைப் பார்ப்பார், மேஸ்திரி பெயரைப் போடுவார், குப்பை வரும். பிறகு யார் பெயர் என்று தேடுவார். அக்கா திரும்பவும் முந்திரி உடைக்கப் போக வேண்டியதுதான். மெஷின் பத்து நிமிடம் என் கையில் கிடைத்தால் போதும், திறந்து, மேஸ்திரி பெயரில் திரும்பப் பூட்டிவிடலாம். அந்தப் பத்து நிமிடத்துக்காக மூன்று வாரம் அலைந்தேன். பேட்டரி மாற்ற வேண்டும் என்று சொன்னேன், அவரே வாங்கிப் போட்டுக்கொண்டார். புதுச் சூத்திரம் ஏற்ற வேண்டும் என்றேன், கொண்டுவந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். வில்லைகளில் எண் மாற்றி எழுதினேன். அக்கா கூடக் கேட்டாள். "என்னா பாப்பா, மூஞ்சே சரியில்ல?" ஒன்றுமில்லை என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன், இல்லாத ஒரு சந்தேகத்தைக் கேட்கிற சாக்கில். அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி என்னைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு மோர் எடுக்கப் போனார். மெஷின் ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துத் திறந்தேன். கோப்புகளின் பெயர்கள் வந்தன. திறந்து மறுபடி பூட்ட, அந்த ஆமை வேகத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். மோர் வர இரண்டு நிமிடம். ஆனால் அழிப்பதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த மெஷினில் அழிப்பதற்கான கட்டளை 'கொல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அதை அடித்தேன். பக்கத்தில் கோப்பின் பெயரையும் அடித்தேன். கடைசி விசையை மட்டும் அமுக்க வேண்டும். அமுக்கினால் மெஷின் கோளாறு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அக்காவுக்கு ஒன்றும் ஆகாது. மயில்கழுத்து போய்விடும். முப்பத்தொன்றில் அது எது என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. தாள் எல்லாம் சாம்பலாகிவிட்டது.

என் விரல் அந்த விசையின் மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. வாசலில் முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்டது. மெஷினை அணைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். வண்டிச் சத்தத்தால்தான் முடியவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அதற்கு முன்பே போதிய நேரம் இருந்தது. எனக்கு அந்த நிறம் வேண்டியிருந்தது.

ஆர்டர் அடுத்த வாரமே வந்தது. மெட்ராஸ் கடைக்காரருக்கு மயில்கழுத்தில் மட்டும்தான் ஜாடி வேண்டுமாம். முதலாளி மெஷினோடும் சூளை நோட்டோடும் ஆபீஸுக்கு வந்து என்னையும் மேஸ்திரியையும் கூப்பிட்டார். அவரே உட்கார்ந்து ஒற்றை விரலால் மேஸ்திரியின் பெயரை அடித்தார். மெஷின் முக்கி முனகித் திரையை நிரப்பியது. குப்பை.

"என்னா இது?"

மறுபடி அடித்தார். மறுபடி குப்பை. நோட்டைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது.

"அன்னிக்கு நான் லேட்டுங்க மொதலாளி. பஸ்ஸு நின்னுடுச்சு. இந்தப் பாப்பாதாங்க பத்த வச்சுது."

"ஆமாங்க சார், நான்தான்" என்றேன் உடனே. முதல்முறையாக என் அவசரம் நல்லதற்குப் பயன்படுகிறது என்று தோன்றியது.

"அப்ப ஒம் பேரப் போடு."

போட்டேன். வேறு என்ன செய்ய. எட்டு வரி நிறையக் குப்பை வந்தது. நான் சொன்னது பொய் என்பதை அந்த மெஷின் அதன் வழக்கப்படி, ஒன்றுமே சொல்லாமல் காட்டிவிட்டது. முதலாளி வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்துவைத்துக்கொண்டார். பதினான்கு பேர். மேலிருந்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். ஒவ்வொரு பெயருக்கும் மெஷின் நிதானமாக ஓடிக் குப்பையைக் கொட்டியது. பற்றவைத்தவர் பெயர்தான் சாவி என்பது கம்பெனிக்குள் எல்லோருக்கும் தெரியும். தன் பெயர் கேட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து கூடினார்கள். அக்காவும் முழங்கை வரை கிளேஸ் வெள்ளையோடு வந்து நின்றாள். அவள் பெயர் பதிவேட்டில் ஒன்பதாவது. நான்காவது பெயர் போயிற்று. ஐந்தாவது. நானே சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தேன், வாய் வரவில்லை. எல்லா இடத்திலும் முந்திக்கொள்கிற வாய். ஆறாவது பெயருக்கு அவர் விரலைத் தூக்கினார்.

"அத்தினி பேரு எதுக்குங்க மொதலாளி. எம் பேரப் போடுங்க. அன்னிக்கு நான்தாங்க பத்த வச்சேன்."

அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். முதலாளி அவள் பெயரை அடித்தார். திரையில் முதல் சொல் வந்தது, ஒழுங்கான சொல். அடுத்த சொல், அதற்கடுத்தது. பொடிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன.

"வந்துடுச்சு!" என்று முதலாளி கைதட்டினார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் சின்னப் பிள்ளைச் சந்தோஷம். பேனாவை எடுத்து முதலில் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார், அவரே தடை செய்த காகிதத்தில். எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் அவருக்குக் கோபம் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு லோடு ஏன் வெடிச்சுதுன்னு இப்பத் தெரியுது."

"சார், அது மழை. அந்த ரெண்டையும் பத்த வச்சது மேஸ்திரி. அக்கா பத்த வச்ச லோடுதான் நல்லா வந்துச்சு. அதத்தான இப்ப கேக்கறாங்க."

"அது கிளேஸோட ராசி. நீ பேசாத." பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல், மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சனிக்கிழமையோட நின்னுக்கம்மா. நாலு பேரு பொழைக்கிற எடம் இது."

முக்க வேண்டிய ஜாடி பாதியில் இருந்தது. அக்கா போய் மீதியையும் முக்கி முடித்தாள்.

என்னை அவர் நீக்கவில்லை. கிளேஸ் கலக்க வேறு ஆள் இல்லை. சாவிச்சொல்லை மேஸ்திரி பெயருக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். மூன்று வாரம் நான் அலைந்த அந்தப் பத்து நிமிடம் அப்போது தாராளமாகக் கிடைத்தது. பொங்கல் வரை அங்கேயே இருந்தேன். ஏன் அன்றே எழுந்து வெளியே போகவில்லை என்று கேட்டால், எனக்கு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சொல்ல அசிங்கமாகத்தான் இருக்கிறது.

வேலையை விட்ட பிறகு அக்காவைத் தேடிக்கொண்டு போனேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியாக இருந்தாள். ஓட்டு எண்ணெய் ஒட்டாமலிருக்கக் கையில் சாம்பல் பூசியிருந்தாள். சாம்பலுக்கு அடியில் விரல் நுனிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றாள். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டாள். நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். நோட்டில் பொய் எழுதியதையும், மெஷினிலாவது உண்மை இருக்கட்டும் என்று நினைத்ததையும், உங்களுக்கு ஒரு மரியாதையாகத்தான் அதைச் செய்தேன் என்பதையும். ஷோகேஸ் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"பத்த வக்கச் சொன்ன, வச்சேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா எம் பேர ஏம்மா அதுல போட்ட? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சரி, போயிட்டு வா. பஸ்ஸு போயிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது எதைத் திறக்கவும் ஒரு சொல் கேட்கிறார்கள். பேங்க், ரயில் டிக்கெட், கரண்டு பில். புதிதாக ஒரு சொல் வை என்று திரை கேட்கும் ஒவ்வொரு தடவையும் என் விரல் முதலில் அக்காவின் பெயருக்குத்தான் போகிறது. பாதி அடித்துவிட்டு அழித்துவிடுகிறேன். இத்தனை பக்கம் எழுதியும் அந்தப் பெயரை நான் இதில் எங்கேயும் எழுதவில்லை. இந்தத் தடவையும் அவளைக் கேட்கவில்லை.